அனுப்புநர் யார்? மின்மடலின் உள்முகவரியும் உறைமுகவரியும்

கடிதம் எழுதுதல் என்னும் பாடத்தைப் பள்ளி நாள் தொட்டே நாம் அனைவரும் பயின்றுள்ளோம். தாளின் இடப்புறத்தே அனுப்புநர் என எழுதி, அதன்கீழ்ப் பெயரும் ஊரும் குறித்து, பின்னர்ப் பெறுநர், பொருள், விளி என முறையாக எழுதி முடித்து, இறுதியில் உறைமேல் முகவரி எழுதுவது நம் கைகளுக்கே மனப்பாடமான ஒன்று. 'அனுப்புநர்' என்பதை 'அனுப்புனர்' என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைத்த தமிழாசிரியர்களும் உண்டு. அத்துணைக் கண்டிப்புடன் நாம் போற்றிய அந்த முதற்பகுதி இன்று பெரும்பாலும் நம் கையால் எழுதப்படுவதில்லை. அதனைக் கணிப்பொறி எழுதுகிறது. அது எழுதிய பெயர் சரியானதுதானா என்று நாம் பார்ப்பதும் இல்லை.

தூது நம் மொழிக்குப் புதிதன்று. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூதுக்கென்றே அமைந்தது. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் வாயிலாக அறிகிறோம். கிளியையும் மேகத்தையும் நெஞ்சையும் தூதுவிட்ட புலவர் பலர். அத்தூதுகளில் விடுத்தவர் யார் என்னும் ஐயம் எழுந்ததில்லை. மின்னஞ்சலாகிய இக்காலத் தூதிலோ முதலில் எழும் ஐயமே அதுதான். யுனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் அனுப்புநர் வரி எவ்வாறு உருவாகிறது, அதனை எவ்வாறு முறைப்படுத்துவது, முறைப்படுத்தாவிடின் நேரும் இழப்பு யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறையார்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை முதற்கண் கூற விழைகிறேன்.

திரும்பி வந்த மடல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறையின் சார்பில் இசுலாமியத் தமிழ் இலக்கியக் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. கட்டுரை வழங்க இசைவு கேட்டு 46 அறிஞர்களுக்கு மடல் அனுப்ப வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் பழையதென ஒதுக்கப்பட்டுத் துறைக்கு வழங்கப்பெற்ற கணிப்பொறியில் டெபியன் லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. ஆர்வமிக்க மாணவர் ஒருவர் சிறு நிரல் எழுதி, 46 மடல்களையும் ஒரே மாலையில் அனுப்பி முடித்தார். அனைவரும் மகிழ்ந்தோம். பத்து நாள் கழித்தும் ஒருவரிடமிருந்தும் மறுமொழி வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, மடலே வரவில்லை என்றனர் பலர்; குப்பை மடற்பெட்டியில் கிடந்ததாகக் கூறினர் சிலர். எண் கிடைத்தவர்களையெல்லாம் மீண்டும் நேரில் அழைத்து, ஒருவாறு கருத்தரங்கை நடத்தி முடித்தோம்.

ஏறக்குறைய ஒரு மாதம் சென்றபின், முதிய தமிழறிஞர் ஒருவரை ஒரு திருமண வீட்டில் காண நேர்ந்தது. சலாம் உரைத்தேன். பதில் சலாம் உரைத்துவிட்டு, வருத்தம் மறையாத குரலில் அவர் சொன்னார்: "தம்பி, நீங்கள் அழைத்தீர்கள். வருகிறேன் என்று நானும் எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று எனக்குப் பதில் வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதியிருக்கலாமே." சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டம் குறித்து அவர் 18 பக்கம் எழுதி வைத்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்து தலைகுனிந்தேன்.

அவரை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் மடலில் இருந்த அனுப்புநர் வரிதான் அவரை மறுத்துவிட்டது. அந்த ஒரு வரியைத் தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை.

உள்முகவரியும் உறைமுகவரியும்

கணிப்பொறி வலையில் ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்கு முதன்முதலாக மடல் அனுப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன். ஆண்டு 1971. ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. இன்ன ஆள், இன்ன பொறியில் உள்ளார் என்பதே அக்குறியின் பொருள். 1982ஆம் ஆண்டில் இரண்டு வரையறைகள் வெளிவந்தன. மடல் பொறிக்குப் பொறி செல்லும் வழிமுறையை ஜான் போஸ்டல் வகுத்தார். மடலின் முகப்பில் அமையும் தலைப்பு வரிகளின் இலக்கணத்தை டேவிட் கிராக்கர் வகுத்தார். 2001இலும் 2008இலும் இவை திருத்தம் பெற்றபோதும் அடிப்படை மாறவில்லை.

வரையறைகள் இரண்டு என்பதாலேயே முகவரிகளும் இரண்டாயின. இதனை நம் அஞ்சல் வழக்கோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். தாளில் நாம் எழுதும் அனுப்புநர் வேறு. உறையின் மேல் எழுதும் அனுப்புநர் வேறு. படிப்பவர் கண்ணுக்குப் படுவது தாளில் உள்ளது. அஞ்சல்காரர் கண்ணுக்குப் படுவது உறைமேல் உள்ளது. பெறுநர் ஊரில் இல்லையெனில், அஞ்சலகம் உறையைக் கிழித்துத் தாளைப் படிப்பதில்லை. உறைமேல் கண்ட முகவரிக்கே மடலைத் திருப்பி விடுகிறது.

மின்மடலிலும் அவ்வாறே. 'ஃப்ரம்' என்னும் தலைப்பு வரி தாளில் உள்ள அனுப்புநர். மடலைக் கையளிக்கும்போது பொறிகள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் உறைமுகவரி. மடல் போய்ச் சேர்ந்தபின், இறுதிப் பொறி அவ்வுறைமுகவரியை 'ரிட்டர்ன்-பாத்' என்னும் வரியாக மடலின் தலையில் பதித்து வைக்கிறது. மடல் சேராவிடின் வரும் அறிவிப்பு இவ்வுறைமுகவரிக்கே செல்லும்.

இவையன்றி வேறு இரண்டு வரிகளும் அறியத்தக்கன. முதல்வர் பெயரில் மடல் செல்கிறது. அனுப்பியவரோ அலுவலக எழுத்தர் எனக் கொள்வோம். அப்போது 'ஃப்ரம்' வரியில் முதல்வரும், 'சென்டர்' வரியில் எழுத்தரும் இடம்பெறுதல் முறை. எழுதியவர் ஒருவர், விடுத்தவர் மற்றொருவர் என்பதனை மறைக்காமல் உரைக்கும் வரி அது. மறுமொழி வேறொரு முகவரிக்கு வரவேண்டுமாயின் அதனைக் குறிப்பது 'ரிப்ளை-டு' என்னும் வரி.

பொறி தானே எழுதும் பெயர்

இனி, எங்கள் மடல்களில் நேர்ந்ததைக் காண்போம். யுனிக்ஸ் அமைப்பில் மடலை ஏற்று அனுப்பும் பணிக்கென்றே தனி நிரல் உண்டு. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், பெர்க்லி யுனிக்ஸுடன் 1983இல் பரவியது. 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஹேசல் எக்ஸிம் என்பதனை எழுதினார். 1998இல் வீட்சே வெனமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் வெளிவந்தது. பின்வந்த இரண்டும் தம் மடல் அனுப்பும் கட்டளைக்குச் சென்ட்மெயில் என்னும் பழம்பெயரையே வைத்துக்கொண்டன. பழைய நிரல்கள் எல்லாம் அப்பெயரைச் சொல்லியே அழைத்துப் பழகியமையே அதற்குக் காரணம்.

நம் நிரல் ஒரு மடலை இக்கட்டளையிடம் ஒப்படைக்கும்போது அனுப்புநர் யார் என்று சொல்லாது விட்டால், அது வாளா இருப்பதில்லை. தான் அறிந்ததைக் கொண்டு ஒரு முகவரியை ஆக்கிக்கொள்கிறது. பொறியினுள் புகுந்தவரின் பயனர்பெயரை @ குறிக்கு முன்னும், பொறியின் பெயரைப் பின்னும் வைக்கிறது. ஆளின் முழுப்பெயரைப் பயனர் பட்டியற் கோப்பில் உள்ள 'ஜீகாஸ்' என்னும் புலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெல் ஆய்வகத்தார் தம் யுனிக்ஸ் பொறியிலிருந்து அச்சுப் பணிகளை ஜீகாஸ் என்னும் வேறோர் இயக்க அமைப்புடைய பொறிக்கு அனுப்பிவந்தனர். அதற்குரிய அடையாளத்தை வைக்க ஏற்பட்ட புலம் இது. பொறி போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எங்கள் துறைக் கணிப்பொறிக்கு ஆய்வகத்தில் 'லேப்7' என்று பெயரிட்டிருந்தனர். பயனர்பெயர் 'தமிழ்'. ஆகவே 46 மடல்களும் 'தமிழ்@லேப்7' என்பதோடு கல்லூரியின் டொமைன் பெயர் ஒட்டிய முகவரியுடன் சென்றன. உள்ளேயும் அதுவே, உறையிலும் அதுவே. ஆனால் லேப்7 என்னும் பெயர் ஆய்வகச் சுவர்களுக்குள் மட்டுமே வழங்கியது. இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ் அதனை அறியாது. இல்லாத ஊரிலிருந்து வந்த மடல் என்று கண்ட சில பொறிகள் ஏற்க மறுத்தன. சில பொறிகள் ஐயுற்றுக் குப்பையில் இட்டன. ஏற்றுக்கொண்ட ஒன்றிரண்டு பொறிகளுள் ஒன்று அம்முதியவருடையது. அவர் நம்பிக்கையோடு மறுமொழி எழுதினார். அஃது எங்கும் செல்ல வழியின்றி அவரிடமே திரும்பியது.

மறுக்கப்பட்ட மடல்கள் பற்றி எங்களுக்கு ஏன் அறிவிப்பு வரவில்லை? அவ்வறிவிப்புகளும் உறையில் கண்ட அதே இல்லாத முகவரிக்கே புறப்பட்டன. சேராமை அறிவிப்பு எப்போதும் அனுப்புநர் இடம் வெறுமையான உறையில் செல்லும். இரண்டு பொறிகள் ஒன்றுக்கொன்று முடிவின்றி மடலைத் திருப்பிக்கொண்டே இருத்தலைத் தடுக்க வகுத்த விதி அது. எனவே சேராத அறிவிப்பைத் திருப்பியனுப்ப இடமில்லை. அது வழியிலேயே மடிந்துபோகிறது. பிழையை உணர்த்த வேண்டிய வழியைப் பிழையே அடைத்துவிட்டது என்பது இதனால் பெறப்படும்.

சீர்செய்யும் முறை

போஸ்ட்ஃபிக்ஸைச் சான்றாகக் கொண்டு சீர்செய்யும் முறையை ஈண்டுக் கூறுவோம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் பொறியில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டப்பட வேண்டும்; இங்கு ஒலிவடிவில் தரப்படுகின்றன. நிருவாகியின் உரிமையோடு செய்ய வேண்டிய பணிகள் இவை.

முதலாவது, நாம் வழங்க விரும்பும் முகவரி உண்மையில் மடல் பெறும் முகவரியாக இருத்தல் வேண்டும். கல்லூரியின் மடல் நிருவாகியிடம் சொல்லித் துறைக்கென ஒரு முகவரி பெற்று, அதற்கு வரும் மடலை யார் நாள்தோறும் படிப்பார் என்பதையும் முடிவுசெய்தல் வேண்டும். இது பொறி சார்ந்த பணியன்று. ஆயினும் இதுவே தலையாயது.

இரண்டாவது, 'மைஆரிஜின்' என்னும் அமைப்பு. போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மைக் கோப்பு 'எட்ஸி' அடைவின் கீழ் 'போஸ்ட்ஃபிக்ஸ்' அடைவில் 'மெயின்.சிஎஃப்' என்னும் பெயரில் உள்ளது. @ குறியின்றி வெறும் பயனர்பெயராக வரும் முகவரிக்குப் பின்னால் எந்தப் பெயரை ஒட்டுவது என்பதை மைஆரிஜின் முடிவுசெய்கிறது. நாம் ஒன்றும் எழுதாவிடின் பொறியின் பெயரே ஒட்டப்படும். டெபியனில் இது 'எட்ஸி' அடைவில் உள்ள 'மெயில்நேம்' கோப்பிலிருந்து எடுக்கப்படுவது வழக்கம். அக்கோப்பில் கல்லூரியின் டொமைன் பெயரை எழுதிவிட்டால் பாதிப் பணி முடிந்தது.

பாதி என்பதற்குக் காரணம் உண்டு. சில நிரல்கள் தாமே பொறியின் பெயரையும் சேர்த்து முழு முகவரியை எழுதிவிடுகின்றன. அவற்றை மைஆரிஜின் தொடாது. அதற்கு மூன்றாவது படி: 'ஜெனரிக்' என்னும் பெயர்மாற்றப் பட்டியல். போஸ்ட்ஃபிக்ஸ் அடைவில் அப்பெயருடைய கோப்பு ஒன்றை அமைத்து, ஒரு வரியின் இடப்பக்கம் பொறி எழுதும் முகவரியையும், இடைவெளி விட்டு வலப்பக்கம் நாம் வேண்டும் முகவரியையும் எழுத வேண்டும். 'போஸ்ட்மேப்' என்னும் கட்டளையால் அதனை அகராதி வடிவாக்க வேண்டும். பின்னர் மெயின்.சிஎஃப் கோப்பில் 'எஸ்எம்டிபி_ஜெனரிக்_மேப்ஸ்' என்னும் வரியில் அப்பட்டியலைச் சுட்டி, 'போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்' எனக் கட்டளையிட வேண்டும். பட்டியலின் வகையாக 'ஹாஷ்' என எழுதுவது நெடுநாள் வழக்கு. பெர்க்லி தரவுக் கிடங்கை நீக்கிவிட்ட சில புதிய அமைப்புகளில் 'எல்எம்டிபி' என எழுத வேண்டும்.

இப்பட்டியலின் சிறப்பு யாதெனில், மடல் பொறியை விட்டு வெளியேறும்போது மட்டுமே இது செயற்படும். உள்முகவரி, உறைமுகவரி இரண்டையும் ஒருசேர மாற்றும். பொறிக்குள்ளேயே ஒருவருக்கொருவர் அனுப்பும் மடல்களில் பழைய பெயர் அவ்வாறே நிற்கும். வீட்டில் செல்லப்பெயரால் அழைக்கப்படுபவர் வாசலைத் தாண்டும்போது முழுப்பெயர் பூணுவதைப் போன்றது இது. சென்ட்மெயில் பயன்படுத்துவோர் 'மாஸ்கரேட்_ஆஸ்' என்னும் அமைப்பால் இதே பயனைப் பெறலாம். அவ்வமைப்பு தானாக உறைமுகவரியை மாற்றுவதில்லை. 'மாஸ்கரேட்_என்வலப்' என்னும் கூறினையும் சேர்த்தால்தான் உறையும் மாறும். உள்ளே திருத்திவிட்டு உறையை மறந்தவர் பலர்.

நான்காவது, எழுதும் நிரலிலேயே அனுப்புநரைச் சொல்லிவிடுதல். சென்ட்மெயில் கட்டளையை அழைக்கையில் சிறுகோட்டுடன் சிறிய 'எஃப்' எழுத்தைச் சேர்த்து முகவரி தந்தால் அஃது உறைமுகவரி ஆகும்; பெரிய 'எஃப்' எழுத்தைச் சேர்த்தால் முழுப்பெயர் ஆகும். ஓர் எழுத்தின் வடிவ வேறுபாட்டில் பொருள் மாறுவது, குறில் நெடில் அறிந்த தமிழர்க்கு வியப்பன்று. மட் என்னும் மடல் நிரலைப் பயன்படுத்துவோர் அதன் அமைப்புக் கோப்பில் 'ஃப்ரம்', 'ரியல்நேம்' ஆகியவற்றைக் குறித்து, 'யூஸ்_என்வலப்_ஃப்ரம்' என்பதற்கு ஆம் எனவும் எழுதினால் உள்ளும் உறையும் ஒன்றுபடும்.

ஐந்தாவது, சோதனை. வெளியிடத்தில் உள்ள நம் சொந்த முகவரி ஒன்றுக்கு ஒரே ஒரு மடல் அனுப்பி, அங்கு அதன் மூலவடிவைத் திறந்து, 'ஃப்ரம்' வரியையும் 'ரிட்டர்ன்-பாத்' வரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் அதற்கு ஒரு மறுமொழி எழுதி, அது நம்மிடம் வந்து சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 46 மடல் அனுப்புமுன் இவ்வொரு மடலை அனுப்பியிருந்தால் ஒரு முதியவர் மனம் நொந்திருக்க மாட்டார்.

புள்ளியும் காற்புள்ளியும்

அனுப்புநர் வரியில் முகவரிக்கு முன்னால் பெயரும் இடம்பெறும். இங்குத் தமிழர்க்கெனவே சில இடர்கள் உள. நம் பெயர்களில் முன்னெழுத்தும் அதனை அடுத்துப் புள்ளியும் வரும். தலைப்பு வரியின் இலக்கணப்படி, புள்ளியுடைய பெயரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்தல் வேண்டும். புள்ளியினும் கொடியது காற்புள்ளி. முகவரி வரியில் காற்புள்ளி என்பது ஒரு முகவரி முடிந்து அடுத்தது தொடங்குவதைக் குறிக்கும். பெயருக்குப் பின் எம்.ஏ., எம்.ஃபில்., எனப் பட்டங்களை அடுக்கி எழுதும் நம் வழக்கம் மேற்கோள் குறியின்றி அவ்வரியில் புகுந்தால், பெயர் ஒருவராகவும் முதுகலை மற்றொருவராகவும் பொறிக்குத் தோன்றும். ஜீகாஸ் புலத்திலும் இதே கதைதான். அங்குக் காற்புள்ளிக்கு முன்னுள்ளது மட்டுமே பெயர். பின்வருவது அறை எண், தொலைபேசி எண் எனக் கொள்ளப்படும். பட்டங்களை மடலின் அடியில் கையொப்பத்தோடு வைத்துக்கொள்வதே நன்று.

பெயரைத் தமிழிலேயே எழுதலாகாதா எனின், எழுதலாம். 1982ஆம் ஆண்டு வரையறை ஆங்கில எழுத்துகளையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்றது. 1992இல் பிறமொழி எழுத்துகளை ஏற்கப்பட்ட குறிகளாக மாற்றி எழுதும் வழி வகுக்கப்பட்டது. அம்முறைப்படி மாற்றப்பட்ட பெயரைப் பெறுநரின் நிரல் மீண்டும் தமிழாக்கிக் காட்டும். நன்கமைந்த மடல் நிரல்களும், பைத்தான் மொழியின் மின்னஞ்சல் தொகுப்பும் இம்மாற்றத்தைத் தாமே செய்கின்றன. கையால் நிரல் எழுதுவோர் இம்மாற்றமின்றித் தமிழை அப்படியே வரியில் இட்டால், சில பொறிகள் அலங்கோலமாகக் காட்டும், சில மறுக்கும். @ குறியின் இருபுறமும் தமிழாகவே அமையும் முகவரிகளுக்கு 2012இல் வரையறை வந்துவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸும் 2015 முதல் அதனை ஏற்கிறது. எனினும் வழியில் உள்ள எல்லாப் பொறிகளும் ஏற்றாலன்றி அம்மடல் சென்று சேராது. ஆகவே பெயரைத் தமிழிலும் முகவரியை ஆங்கில எழுத்திலும் வைத்துக்கொள்வது இப்போதைக்குத் தக்கது.

முத்திரை

இதுவரை கூறியவை நம் பெயரை நாமே சரியாக எழுதும் முறை. பிறர் நம் பெயரை எழுதிக்கொண்டால் என் செய்வது? 1982இல் வலையில் இருந்தோர் ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்தினர். ஆகவே அனுப்புநர் வரியைச் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அவ்வரையறைகளில் இல்லை. சிறிய 'எஃப்' எழுத்தைக் கொண்டு எவரும் எவர் பெயரையும் உறையில் எழுதலாம் என்னும் நிலை இருந்தது. நம்பிக்கைக்குரியோர் பட்டியலில் இல்லாத பயனர் அவ்வாறு செய்தால், சென்ட்மெயில் ஓர் எச்சரிக்கை வரியை மடலில் சேர்க்கும், தடுப்பதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு அரசர்க்கு மடல் விடுக்க நாடியபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். அதன்பின் பெருமானார் வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்து, அதில் முஹம்மது ரசூலுல்லாஹ் என்று மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். அதுபோல் வேறெவரும் பொறித்துக்கொள்ளலாகாது என்றும் விலக்கினார்கள். மடலின் பொருள் மேன்மையுடையதாயினும், விடுத்தவர் யார் என்பதற்குச் சான்று வேண்டும் என்னும் உலகியலை அப்பெருந்தகை ஏற்றருளினார்கள் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்கால மின்மடலின் முத்திரைக்கு டிகிம் என்று பெயர். 2007இல் வரையறை பெற்றது. அனுப்பும் பொறியில் மறைவான திறவுகோல் ஒன்று இருக்கும். அதன் இணையான வெளிப்படைத் திறவுகோல் டிஎன்எஸ் பதிவேட்டில் யாவரும் காண வைக்கப்படும். மறைவான திறவுகோலால் ஒப்பமிடப்பட்ட மடலைப் பெறும் பொறி, வெளிப்படைத் திறவுகோலால் சரிபார்க்கும். ஒப்பத்தில் 'ஃப்ரம்' வரி கட்டாயம் அடங்கும். வழியில் அதனை மாற்றினால் முத்திரை உடைந்துவிடும். யுனிக்ஸ் பொறிகளில் இப்பணிக்கு ஓப்பன்டிகிம் என்னும் நிரல் பெரிதும் பயன்படுகிறது. அம்மோதிரம் பின்னர் உதுமான் (ரலி) அவர்களின் காலத்தில் அரீஸ் என்னும் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமற் போயிற்று. திறவுகோல் தொலைந்தாலோ பிறர் கைக்குப் போனாலோ, பதிவேட்டிலிருந்து பழையதை நீக்கிப் புதியதை இடுதல் வேண்டும்.

முத்திரையோடு வேறிரண்டு ஏற்பாடுகளும் உள. எஸ்பிஎஃப் என்பது, நம் டொமைன் பெயரால் மடல் விடுக்க உரிமை பெற்ற பொறிகள் இவை எனப் பதிவேட்டில் அறிவிப்பது. இஃது உறைமுகவரியைச் சோதிக்கிறது. டிமார்க் என்பது, இச்சோதனைகளில் தேறிய பெயரும் படிப்பவர் காணும் உள்முகவரியும் ஒன்றுபடுகின்றனவா என நோக்கி, ஒன்றுபடாதவற்றை என் செய்வது என்று அறிவிப்பது; 2015இல் வரையறை பெற்றது. 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாகூ ஆகியவை பெருந்தொகையாக மடல் விடுப்போர்க்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கின. சிறிய அளவில் அனுப்புவோரும் முதலிரண்டில் ஒன்றையேனும் கொண்டிருத்தல் வேண்டும். நம் கல்லூரி போன்ற நிறுவனங்கள் இதனை விருப்பம் சார்ந்த ஒன்றாக இனிக் கருத இயலாது.

தொடர்

மடல் கடந்துவந்த வழியைக் காட்டுவது 'ரிசீவ்ட்' என்னும் வரி. மடலை ஏற்கும் ஒவ்வொரு பொறியும், எவரிடமிருந்து எப்போது பெற்றது என்று ஒரு வரி எழுதி, ஏற்கெனவே உள்ளவற்றின் மேல் வைக்கிறது. ஆகவே கீழிருந்து மேலாகப் படித்தால் வழி விளங்கும். நம் சமுதாயத்தார்க்கு இவ்வமைப்பு புதிதன்று. நபிமொழியைத் தொகுத்த இமாம்கள் செய்தியோடு நில்லாமல், இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் பதிந்தனர். தொடரில் உள்ள ஒவ்வொருவரும் நம்பத்தக்கவரா, ஒருவரையொருவர் சந்தித்திருக்க இயலுமா என ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் வரலாறு தனிக் கலையாகவே வளர்ந்தது. ரிசீவ்ட் வரிகளிலும் நாம் நம்பும் பொறி எழுதிய வரியே சான்றாகும்; அதற்குக் கீழுள்ளவற்றை ஏமாற்ற நினைப்பவன் தானே எழுதி வைத்திருத்தல் கூடும். இவ்வொப்புமை வழிமுறை பற்றியதேயன்றி மேன்மை பற்றியதன்று என்பதனைச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்கட்கு ஒரு சொல். பிறர் பெயரை அனுப்புநர் வரியில் இடுவது எளிது என்று அறிந்தவர்க்கு விளையாட்டாகச் செய்து பார்க்கும் ஆசை எழலாம். கணிப்பொறி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66டி பிரிவின்படி, மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் பெறத்தக்க குற்றம். சட்டத்தினும் முன்னதாக, அது பொய்.

நிறைவாக

சொல்லப்பட்டது யாருடைய சொல் என்பதனை அறியாமல் எச்சொல்லுக்கும் மதிப்பில்லை. அனுப்புநர் வரியைப் பொறியின் விருப்பத்திற்கு விட்டுவிட்டால், அது தன் பெயரை எழுதும், நம்மை எழுதாது. மறுமொழி தர முனைந்தவர் வாயிலில் நின்று திரும்புவார். பெயரை முறையாக எழுதி, உள்ளும் உறையும் ஒன்றுபடச் செய்து, முத்திரையிட்டு விடுப்பது பொறியியலார்க்கு மட்டும் உரிய நுட்பமன்று. மடல் பெறுபவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

அமைப்புகளைச் சீர்செய்து முடித்த அன்று, துறைக் கணிப்பொறியிலிருந்து முதல் மடலை அம்முதியவருக்கே எழுதினேன். நடந்ததைக் கூறி, பொறுத்தருளும்படி வேண்டி, கட்டுரையைத் தந்துதவக் கேட்டிருந்தேன். மறுநாட் காலை துறையின் மடற்பெட்டியில் அவருடைய மறுமொழி கிடந்தது. ஒரே வரி: "தம்பி, இது வந்து சேர்ந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்." சேர்ந்தது என்று உடனே எழுதினேன். அந்த 18 பக்கக் கட்டுரை அன்று மாலையே வந்தது.